காயட்டும் மாமா

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் என் அக்கா வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "காயட்டும் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவரும் "இருக்கேன், சொல்லுங்க" என்பார். பழைய டிராக்டர்களைத் துருவெடுத்து, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்துப் புதிதாக்குவது அவர் வேலை. இன்ஜினைப் பிரித்து மாட்டுவது என் வேலை. ஒரே கொட்டகை, நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. திரைக்கு இந்தப் பக்கம் எண்ணெய்க் கசடு, அந்தப் பக்கம் தின்னர் நாற்றம். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

துருவுக்குச் செம்பூச்சு அடித்தால் காயட்டும் என்பார். பட்டி பூசினால் காயட்டும் என்பார். தேய்த்துக் கழுவினால் அதுவும் காயட்டும். ஒரு செங்கல் சூளைக்காரர் தன் வண்டிக்காக மூன்று தடவை வந்து கத்தினார். மூன்றாவது தடவை, "எல்லாம் காஞ்சிருச்சுய்யா, சும்மா கதை விடாத" என்று சொல்லி பானெட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ரேகை அப்படியே பதிந்துவிட்டது. மாமா கோபப்படவில்லை. "சார், உங்க கையெழுத்து நல்லா விழுந்திருக்கு. இருக்கட்டுமா, அழிக்கட்டுமா?" என்று கேட்டார். சூளைக்காரர் வாயை மூடிக்கொண்டு போனவர், ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். "நீங்க காய வைக்கிறதுக்குள்ள நானே காஞ்சு கருவாடாயிடுவேன் மாமா" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே உப்புத்தாளை மடித்து விரலுக்கிடையில் வைத்துக்கொள்வார்.

அவர் டிராக்டருக்கு வந்ததே என் அக்காவால்தான். அதற்கு முன் கேட், ஜன்னல் கம்பிக்கெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா வீட்டு கேட்டுக்கு அடிக்க வந்தார். அடித்து முடித்துவிட்டு, "இன்னைக்குப் பூரா யாரும் தொடாதீங்க, காயட்டும்" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, அக்கா அப்பாவின் டிராக்டரைப் பின்னால் எடுத்து நேராக அந்த கேட்டில் இடித்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தது அப்பாவுக்கும் அவளுக்கும்தான். எனக்குக் கூடத் தராமல் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். இடித்ததில் கேட்டின் பச்சை முழுக்க மட்கார்டில் ஒட்டிவிட்டது. "காயட்டும்னு சொன்னேனே" என்றார் அவர். "நீங்க சொன்னது கேட்டுக்கு. வண்டிக்குச் சொல்லலையே" என்றாள் அவள். அந்த மட்கார்டைச் சரி செய்கிறேன் என்று நாலு நாள் வந்து போனார். நாலு நாள் வேலை இல்லை அது. அரை நாள் வேலை. அடுத்த வருஷம் கல்யாணம்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதும் இல்லை. அப்பா போனபின் அந்த வண்டி கைமாறி, கைமாறி, எங்கேயோ போய்விட்டது. ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் பெயின்ட் அடித்த மாமாவுக்குக் கடைசிவரை டிராக்டர் ஓட்டத் தெரியாது. நான் எடுப்பதற்கு அக்கா விடமாட்டாள்; கொட்டகைக்குள்ளிருந்து வெளியே எடுக்க அவள்தான் வர வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து ஏறி உட்காருவாள். எடுத்து நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவாள். அந்த நடையில் இருக்கிற கர்வத்தைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் பழைய இரும்புக் கடையில் நான் ஒரு கியர் தேடிப் போனபோது அப்பாவின் வண்டியைப் பார்த்தேன். நிறம் என்று எதுவும் மிச்சமில்லை. பின்பக்கம் கொக்கி மாட்டும் சட்டத்தில் ஒரு வெல்டிங், கோழி கிளறிய மாதிரி. அது நான் பதினைந்து வயதில் செய்த முதல் வெல்டிங். அவ்வளவு கேவலமாக உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. வண்டியை இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் நிறுத்தினேன். அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் உட்கார்ந்தாள் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்பது பிறகுதான் உறைத்தது.

வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு" என்றார். உள்ளே போனோம். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மாமா கட்டில் ஓரத்தில் இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள்.

"என்னங்க, அந்த வண்டிய முடிங்க. நானே ஒரு ரவுண்டு ஓட்டணும். அது முடியற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அங்கேயே பேசித் தீர்த்திருப்பேன்.

ஆறு வாரத்தில் நான் இன்ஜினை முடித்துவிட்டேன். சொல்லக் கூடாது, என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. மாமாவும் முதலில் வேகமாகத்தான் இருந்தார். துரு முழுதும் எடுத்து, ஓட்டை விழுந்த தகடுகளை மாற்றி, செம்பூச்சு அடித்து, பட்டி பார்த்து முடித்தார். நிறத்தில்தான் வந்து நின்றது. அப்பா வண்டி ஒரு நீலம். எந்த நீலம் என்று சரியாகச் சொல்லக்கூடியவள் அக்கா ஒருத்திதான். தின்னர் வாடை பட்டாலே அவளுக்குக் குடலே வெளியே வருவது போல வாந்தி வரும். அதனால் கொட்டகைக்கு எதிரே வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தாள். மாமா தகரத் துண்டுகளில் நீலத்தைக் கலந்து அடித்து, வெயிலில் வாடை போகக் காயவைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவார்.

"இது ஸ்கூல் பை நீலம். இல்ல" என்பாள்.

அடுத்த நாள் இன்னொன்று. "இது ஆஸ்பத்திரிக் கதவு. எனக்கு இத பாத்தாலே ஊசி குத்துது."

மூன்றாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "கிட்ட வந்துட்டீங்க. ஆனா இல்ல." அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள். அப்புறம் ஒன்பது தகரம் பார்த்தாள். அதற்கடுத்ததை, "சரி, அடிங்க, பாப்போம்" என்றாள்.

பானெட்டுக்கு நீலம் அடித்த அன்று சாயங்காலம் நான் திரையை விலக்கிப் பார்த்தேன். குறை சொல்வதற்காகவே பார்க்கிற எனக்கே ஒரு குறையும் அகப்படவில்லை. குனிந்தால் என் முகம் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் வந்தால் அதே பானெட் பட்டியின் சாம்பல் நிறத்தில், தேய்த்துக் கழுவி நிற்கிறது.

"என்ன மாமா இது?"

"பொங்கிருச்சு மாப்ள. அடியில ஈரம் இருந்திருக்கு."

சரி, பொங்கும். யாருக்கும் நடக்கிறதுதான். மறுபடி ஒரு வாரம். மறுபடி அடித்தார், மறுபடி தேய்த்தார். தூசி விழுந்துவிட்டதாம். அக்கா அதற்குள் தானாக எழுந்து உட்காருவதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது தடவை நான் நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பொங்கலும் இல்லை, ஒரு தூசியும் இல்லை. பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. அடுத்த நாள் விடியற்காலையிலேயே வந்து நின்றேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அவர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலத் தண்ணீர் தரையில் ஓடியது.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தேன். "உங்களுக்கு மூளை கெட்டுப்போச்சா? அவ நாளை எண்ணிட்டுக் கெடக்கா. ஒரே ஒரு ஆசை. அதுல மண்ண அள்ளிப் போடறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "முடியற வரைக்கும் போக மாட்டேன்னு சொல்லியிருக்கா மாப்ள" என்றார். "முடிச்சா போயிடுவா."

ஐம்பத்தைந்து வயது மனிதர். சாமி, சகுனம் என்று எதையும் நம்பாதவர். கையில் ஊறிப்போன உப்புத்தாளை வைத்துக்கொண்டு, என்னிடம் தயவு கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராக அக்காவிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்டா. விடிஞ்சதும் அந்தச் சத்தத்துலதான் முழிக்கறேன். இருவத்தஞ்சு வருசமா கேக்கறேன், அடிக்கறதுக்குத் தேய்க்கற சத்தம் வேற, அழிக்கறதுக்குத் தேய்க்கற சத்தம் வேறன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் சும்மா இருக்கியா?"

ஜன்னல் கட்டையில் இருந்த தகரத்தைக் காட்டினாள். அந்த மூன்றாவது தகரம். "அதுதான் அப்பா வண்டி நீலம். அன்னைக்கே தெரியும். சரின்னு சொன்னா மனுசன் அடிச்சு முடிச்சுட்டு சும்மா உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பார். அத எப்படித் தாங்குவார்? அதான் இல்லன்னேன். வேலைன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

"அப்ப உனக்கு ஓட்டணும்னு ஆசை இல்லையா?"

கையை நீட்டி அந்தத் தகரத்தைத் தடவினாள். பிறகு, "இருக்குடா" என்றாள். "ரொம்ப இருக்கு." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைவிட ஆறு வயது சின்னவன். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் மாமா தின்னர் வாங்க டவுனுக்குப் போனார். நான் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, வாடை வராத இடத்தில், வெட்டவெளியில் நிறுத்தினேன். பானெட் இல்லை, மட்கார்டு இல்லை, இன்ஜின் அப்படியே தெரிகிறது. அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்காரவைத்தேன். ஒரு தண்ணீர்க் குடம் கூட அவளைவிடக் கனமாக இருக்கும். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தேன். முதல் தட்டிலேயே பிடித்தது. அவள் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டாள். "பரவால்ல, உருப்படியா ஒண்ணு கத்துக்கிட்டிருக்க" என்றாள்.

பிறகு கிளட்ச்சில் கால் வைத்தாள். அழுத்தினாள். பெடல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். சீட்டில் முன்னே நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினாள். வலது காலையும் தூக்கி அதன் மேல் வைத்தாள். இரண்டு காலும் நடுங்கின.

"முடியலடா."

"நான் கையால அழுத்தறேன்கா. நீ கியரப் போடு."

"நீ அழுத்தி நான் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டுப் போனா, அதுக்குப் பேரு ஓட்டறதா? அது உக்காந்துட்டுப் போறது." மூச்சு வாங்கியது. "போன மாசம்னா முடிஞ்சிருக்கும்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தின்னர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா கேட்டுக்குள் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கடைசியாக அவள் சொன்னதைக் கேட்டுவிட்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. டப்பாவைக் கீழே வைத்தார். வந்து, பெடலிலிருந்து அவள் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, இந்தக் கிளட்ச்ச லேசாக்க முடியுமா?"

"இணைப்பெல்லாம் கிரீஸ் போட்டாச்சு மாமா. உள்ள ஸ்பிரிங்கதான் மாத்தணும். அதுக்கு வண்டிய ரெண்டா பிரிக்கணும்."

"எத்தன நாள்?"

"மூணு நாள்."

அவர் அக்காவைப் பார்த்தார். "மூணு நாள்தானே, இருக்கேன். நீங்க அந்த மூணாவது தகரத்து நீலத்த அடிங்க" என்றாள் அவள்.

டிராக்டரில் கிளட்ச் என்பது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, வயிற்றுக்குள் இருக்கிறது. சுற்றிலும் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஜாக்கியும் கட்டையும் கொடுத்து, முன்பாதியை உருட்டித் தனியே எடுத்தால்தான் கையே போகும். அன்றைக்கே பிரித்துவிட்டேன். இருந்த ஸ்பிரிங்குகளில் பாதியைக் கழற்றிவிட்டு, மீதிக்கு ஒரு சின்ன வண்டியின் மெலிந்த ஸ்பிரிங்குகளைத் தேடி மாட்டினேன். உழவுக்கு ஆகாது. வெறும் வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துப் போகப் போதும். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் மாமா அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கூடத் தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் என்னைக் கேட்டார், "இன்னும் எவ்வளவு நேரம் மாப்ள?"

மூன்றாம் நாள் பதினொரு மணி இருக்கும். அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து கொட்டகை வாசலில் நின்றார். மாமா கடைசி மட்கார்டில் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினால் கோடு விழும்.

"ஒரு நிமிசம்மா. இந்தப் பக்கத்த முடிச்சுட்டு வந்துடறேன்."

"முடிக்க வேணாங்க" என்றார் அந்த அம்மா. "வாங்க."

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துக் கொட்டகையைத் திறக்கப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து, ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டாக நின்ற வண்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"வண்டி முடியலையே மாப்ள."

"ஆமா மாமா."

"முடியற வரைக்கும் போக மாட்டேன்னு சொன்னா இல்ல? நீயும்தான பக்கத்துல நின்ன. இன்ஜின் ஒரு பக்கம் கெடக்கு, கியர் பாக்ஸ் ஒரு பக்கம் கெடக்கு. இதுக்கு மேல ஒரு வண்டி முடியாம இருக்க முடியுமா? அப்புறம் எப்படி மாப்ள போனா?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய ஆத்திரம் என் மேல் இருந்தது. அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்காமல், அந்தப் பெடலை நானே கையால் அழுத்தியிருக்கலாம். நாலு திட்டுத் திட்டியிருப்பாள். போயிருப்பாள். காற்று முகத்தில் பட்டிருக்கும்.

"சேத்துடு" என்றார் டின்னிலிருந்து எழுந்து.

இருவருமாக முன்பாதியை உருட்டிக்கொண்டு வந்து பொருத்தினோம். போல்ட்டுகளை நான் முடுக்கினேன். அவர் பானெட்டையும் மட்கார்டுகளையும் துணி விரித்து, தூக்கி வந்து மாட்டினார். அந்தக் கடைசி மட்கார்டில், அவர் பாதியில் விட்ட இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதை அவர் தேய்க்கவில்லை. வண்டி வெளிச்சத்தில் அப்பா வண்டியாகவே நின்றது. நீலம் அச்சு அசல் அதே நீலம்.

"ஏறுங்க மாமா. நான் சொல்லித் தரேன்" என்றேன்.

அவர் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கிளட்ச் பெடல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லாமல் அடிவரைக்கும் இறங்கியது. கையை எடுத்தார். மேலே வந்தது. மறுபடி, இந்த முறை இரண்டு விரலால் அழுத்தினார். இறங்கியது.

"இது அவளால முடிஞ்சிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அழுத்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன்.